காஷுவாலிட்டி அலமாரியில் இன்னொரு பெட்டி: ஆர்.எம்.ஓ.க்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவமனைகளின் நிலைய மருத்துவ அலுவலர்களான ஆர்.எம்.ஓ.க்களுக்கும், தாலுகா மருத்துவமனைகளின் தலைமை மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். காஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், ஒன்பது வருடம் வேலை பார்த்தேன், அதில் பாதி நைட் டூட்டி. அப்புறம் மூன்று வருடம், அதே வளாகத்தின் மறுகோடியில் இருக்கும் சுகவாழ்வு மையத்தில் போட்டார்கள். இப்போது திரும்பவும் காஷுவாலிட்டி. பணியில் இருப்பதால் பெயரும் ஊரும் எழுதவில்லை, மன்னிக்கவும்.

சுகவாழ்வு மையம் என்றால் பால்வினை நோய் கிளினிக் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஜனங்கள் கூச்சப்படாமல் வரட்டும் என்றுதான் அந்தப் பெயர். எங்கள் மையத்தை மாலை நான்கு மணிக்குப் பூட்டிவிடுவோம். அங்கே இருந்தபோது வருகிறவர்களைப் பார்த்தேன். இங்கே ராத்திரியில் நிற்கும்போது, "காலையில் அங்கே போ" என்று சொல்லியும் போகாமல் இருக்கப் போகிறவர்களைப் பார்க்கிறேன். இரண்டு முனையிலும் நின்றவள் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். பால்வினைத் தொற்றோடு ராத்திரி வருகிறவருக்கு ராத்திரியே மருந்து கிடைக்க வழி செய்யுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ராத்திரி பதினொன்றேமுக்கால் இருக்கும். விபத்து, அவசர சிகிச்சைக்கான 'தாய்' திட்டம் வந்த பிறகு நம் காஷுவாலிட்டியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துத்தானே உட்கார வைக்கிறோம். பச்சையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. வடக்கே லோடு ஏற்றிப் போகிற லாரியில் கிளீனர். உட்கார்ந்திருந்தான் என்பதுகூடச் சரியில்லை, பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு பைபாஸில் வேன் கவிழ்ந்து சிவப்பு நிரம்பிவிட்டது. அவன் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் தாண்டிப் போகும்போதெல்லாம் "அக்கா" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

டூட்டி டாக்டர் நல்ல பிள்ளைதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு மணி நேரமாகத் தையல் போட்டுக்கொண்டிருந்தவர். மேசையிலிருந்தே கேட்டார்: "என்னப்பா பண்ணுது?"

"ஒண்ணுக்குப் போனா எரியுது சார். சூடு புடிச்சிருச்சு போல."

"டிஸ்சார்ஜ் இருக்கா?"

சீழ் வடிகிறதா என்று டாக்டர் கேட்டது புரியாமல் பையன் திகைத்துப்போய், "இப்பத்தானே சார் வந்தேன்" என்றான்.

பக்கத்தில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டின் காப்பிக்காகக் காத்திருந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். அட்டெண்டரும் சிரித்தார். டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கும்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதற்கு மேல் அந்தப் பையன் வாயைத் திறக்கவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினான். ஆமாமா இல்லையா என்று தெரியாத ஓர் ஆட்டல். நீர்க்கடுப்பு என்று எழுதி, சிப்ரோஃப்ளாக்ஸாசின் ஐந்து நாளுக்கும் ஒரு சிரப்பும் கொடுத்து, "குறையலைன்னா காலையில ஓ.பி.யில போய்ப் பாரு" என்று அனுப்பினோம். லாரி நாலு மணிக்குக் கிளம்புகிறது என்று போகும்போது என்னிடம் சொன்னான். அவன் உள்ளாடையில் மஞ்சளாகக் கறை இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிப்போய் அரை நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. காஷுவாலிட்டியில் எங்களுக்கு இப்படித் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம்.

இதில் எத்தனை தவறு என்று பிற்பாடு சுகவாழ்வு மையத்துக்குப் போன பிறகுதான் புரிந்தது. முதலில் மருந்து. வெட்டை நோய் என்று ஊரில் சொல்கிறார்களே, கொனோரியா, அந்தக் கிருமி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறது. முதலில் சல்ஃபா போயிற்று, பிறகு பெனிசிலின், பிறகு டெட்ராசைக்ளின். சிப்ரோஃப்ளாக்ஸாசின் வகையை இனி அந்த நோய்க்குக் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007-லேயே சொல்லிவிட்டது. நாம் இன்னும் எரிச்சல் என்றால் அதைத்தான் எழுதுகிறோம். எரிச்சல் இரண்டு நாள் குறைந்த மாதிரி இருக்கும். கிருமி அப்படியே இருக்கும், அடுத்தவருக்கும் போகும்.

சரியான மருந்து நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கலர் பைகள் பல வருடமாக நம் மருத்துவமனைக்கு வருகின்றன. கிட் ஒன், சாம்பல் நிறம்: அசித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம். சிறுநீர்க் குழாயிலோ கருப்பை வாயிலோ சீழ் வந்தால் கொடுப்பது. எங்கள் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீரில் விழுங்க வைத்து அனுப்பலாம், ஒரே வேளை. பச்சைப் பை வெள்ளைப்படுதலுக்கு. வெள்ளைப் பையில் பிறப்புறுப்புப் புண்ணுக்கான பென்சத்தீன் பெனிசிலின், அதைப் போட சிரிஞ்சும் கரைக்கத் தண்ணீரும்கூட உள்ளேயே இருக்கும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு நீலம். அக்கிக் கொப்புளம் போல வரும் ஹெர்பிஸுக்குச் சிவப்பு. பெண்களின் அடிவயிற்று வலிக்கு மஞ்சள். தொடை இடுக்கில் கட்டியாக வரும் அரையாப்புக்குக் கறுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கூட நிறத்தைப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்தப் பைகள் சுகவாழ்வு மையத்து பீரோவில் இருக்கின்றன. நான்கு மணிக்குப் பூட்டுகிற பீரோ.

காஷுவாலிட்டியிலோ செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. சளிக்காய்ச்சலுக்கும் போடுகிறோம், தையல் போட்ட காலுக்கும் போடுகிறோம். அமெரிக்காவில் வெட்டை நோய்க்கு முதல் மருந்தே அந்த ஊசிதான். 2020 டிசம்பரிலிருந்து அங்கே 500 மில்லிகிராம், சதையில் ஒரே ஒரு தடவை. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றும் சேர்ந்திருக்கலாம் என்றால் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இரு வேளை, ஏழு நாள். உண்மையிலேயே அந்த ஊசி தேவைப்பட்டு வந்த ஒரே ஆளைத்தான் நாம் மாத்திரையும் சிரப்பும் கொடுத்து அனுப்பினோம்.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். இங்கே நோயைக் கண்டுபிடிப்பதில் முக்கால் பங்கு பேச்சுதான். எந்த நோயாளியும் "எனக்குப் பால்வினைத் தொற்று" என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார். சூடு என்பார், உஷ்ணம் என்பார், நீர்ச்சுருக்கு என்பார். ஏற்கெனவே இளநீர் குடித்திருப்பார், ஊறவைத்த வெந்தயம் தின்றிருப்பார், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்திருப்பார். கொஞ்சம் வயதானவர்கள் மேகம் என்பார்கள், வெட்டை என்பார்கள், கிரந்தி என்பார்கள். பறங்கிப்புண் என்ற சொல்லை ஒரே ஒரு பாட்டி வாயில் கேட்டிருக்கிறேன். சிபிலிஸுக்கு அப்படி ஒரு பெயர். வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று அவன் தலையில் கட்டியாயிற்று! பெண்கள் "இடுப்பு கடுக்குது, வெள்ளை போகுது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். விதை வீங்கிய ஆள் "வயித்து வலி" என்றுதான் சீட்டே போடுவார்.

இந்தச் சொற்களெல்லாம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு நேராக நைட் டூட்டிக்கு வருகிற பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்? "சீழ் மாதிரி ஏதாவது வடியுதா தம்பி" என்று கேட்டால் முடிந்தது. "யார் கூடவாவது இருந்தீங்களா, எத்தனை நாள் ஆச்சு" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆணோடா பெண்ணோடா என்பதையும் சாதாரணமாகக் கேட்க வேண்டும். ஆணோடு இருந்தவருக்குத் தொண்டையிலும் ஆசனவாயிலும்கூடத் தொற்று இருக்கலாம், சிறுநீரை மட்டும் பரிசோதித்தால் தெரியாது. திருநங்கைகள் நம் காஷுவாலிட்டிக்கு வருவதே குறைவு. ஏன் என்று உங்களுக்கும் தெரியும்.

இவ்வளவையும் கேட்க ஒரு மறைவு வேண்டும். மாமியார் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம் நிற்க, கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணிடம் கேட்டு என்ன பதில் கிடைக்கும்? அடிவயிற்று வலியோடு ராத்திரி வருகிற இளம் பெண்ணுக்கு நாம் குடல்வாலை நினைக்கிறோம், கல்லை நினைக்கிறோம். மாதவிலக்கு தள்ளியிருக்கிறதா என்று கேட்டு, சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை பார்த்து, கருக்குழாய்க் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்கிறோம். அதுவரை சரி. அதற்குப் பிறகு 'டிராமடால் ஊசி, காலையில் ஸ்கேன்' என்று நின்றுவிடுகிறோம். உள் பரிசோதனையில் கருப்பை வாயை அசைத்தால் துள்ளுகிறாளா என்று பார்ப்பதில்லை. வேறு காரணம் தெரியாத வலியும் அந்தத் துள்ளலும் இருந்தால், இடுப்பறைத் தொற்று என்று எடுத்துக்கொண்டு மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும், ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் எல்லா வழிகாட்டுதலிலும் இருக்கிறது. காரணம் எளியது. கருக்குழாயில் தழும்பு விழுந்துவிட்டால் அதைத் திருப்ப மருந்து கிடையாது. இன்றைக்குத் தப்பவிட்ட தொற்றுதான் சில வருடம் கழித்துக் கருக்குழாய்க் கர்ப்பமாக வெடித்து 108-இல் நம்மிடமே வருகிறது. இல்லாவிட்டால் குழந்தையில்லை என்று ஊர் ஊராகக் கோயிலுக்கும் தனியார் கிளினிக்குக்கும் அலைகிறது.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் ஆகாது. பூஞ்சையாகவோ, உள்ளே எப்போதும் இருக்கும் கிருமிகளின் சமநிலை கெட்டதாகவோ இருக்கலாம். பச்சைப் பையைக் கையில் கொடுத்து "உன் புருஷனை விசாரி" என்று சொன்ன ஒரு சிஸ்டரால் ஒரு வீடு ரெண்டானது எனக்குத் தெரியும். அதே மாதிரி, விதைப்பை வலியோடு வருகிற பையனுக்கு எல்லாம் தொற்று என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரம்தான் கெடு, அதற்குள் அறுவைசிகிச்சை நடக்க வேண்டும். கூச்சத்தில் 'வயித்து வலி' என்று சொன்ன பதினைந்து வயதுப் பையனின் கால்சட்டையை யாரும் அவிழ்த்துப் பார்க்காததால், விடிந்தபோது ஒரு விதை போயிருந்தது. தொற்றோ முறுக்கோ, ஒரு திரைச்சீலை இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்புறம் அந்தத் தடிப்பு. இதை நான் மறக்கவே முடியாது. ஒரு கல்லூரி மாணவன். உடம்பெல்லாம் செம்புள்ளி, அரிப்பு இல்லை. மூன்று தடவை காஷுவாலிட்டிக்கு வந்திருக்கிறான், மூன்று தடவையும் அலர்ஜி என்று ஏவிலும் டெக்ஸாவும் போட்டிருக்கிறோம். அதில் ஒரு ஊசி நானே போட்டதாக இருக்கலாம், நோட்டில் கையெழுத்து என்னுடையது. நான் சுகவாழ்வு மையத்துக்கு மாறிய பிறகு ஒருநாள் யாரோ நண்பன் சொல்லி அங்கே வந்தான். டாக்டர் முதலில் சொன்னது, "கையை விரி." உள்ளங்கையில் செம்புக் காசு மாதிரி வட்ட வட்டமாக. செருப்பைக் கழற்றச் சொன்னார், உள்ளங்காலிலும் அதேதான். ரத்தப் பரிசோதனை சிபிலிஸ் என்றது. சில மாதம் முன்னால் வலியில்லாத ஒரு புண் வந்து தானாக ஆறியிருக்கிறது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அலர்ஜி என்று வருகிற ஒவ்வொருவருக்கும் "கையை விரி" என்று சொல்ல மூன்று விநாடி ஆகும். நாங்கள் மூன்று தடவையும் சொல்லவில்லை.

அவனுக்குப் போட்டது ஒரே ஒரு தடவைதான். இரண்டு பக்க இடுப்பிலும் பாதிப் பாதியாக, மொத்தம் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின். பெனிடியூர் என்றால்தான் எங்களுக்குப் புரியும். பால் மாதிரி இருக்கும், மெல்லிய ஊசியில் எடுத்தால் அடைத்துக்கொள்ளும். பெரிய ஊசியில் எடுத்து, தயங்காமல் ஒரே சீராக உள்ளே தள்ள வேண்டும், நடுவில் நிறுத்தினால் போச்சு. சிபிலிஸ் கிருமி 1943-லிருந்து இன்று வரை பெனிசிலினுக்குப் பணிந்தே இருக்கிறது. வெட்டைக் கிருமி மாதிரித் திமிறவில்லை. கர்ப்பிணிக்கு வேறு மருந்தும் இல்லை, குழந்தையைக் காப்பாற்ற அது ஒன்றுதான்.

ஆனால் ராத்திரியில் பெனிடியூர் போடுங்கள் என்றால் டாக்டர்களும் பயப்படுகிறார்கள், எங்கள் சிஸ்டர்களும் பயப்படுகிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால்? இந்தப் பயம் நியாயமானது, யாரோ எங்கோ ஒருவர் சுருண்டு விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. அப்படி ஒருவர் விழுந்தால், மருத்துவமனையிலேயே எந்த இடத்தில் விழ வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள்? அட்ரினலின் டிரேயில் உடைத்துவைத்த மாதிரி தயாராக இருக்கிறது, ஆக்ஸிஜன் இருக்கிறது, ஆம்பு பேக் இருக்கிறது, குழாய் போடத் தெரிந்த டாக்டர் நிற்கிறார். ஒரு ஆலோசகரும் ஒரு மேசையும் இருக்கும் கிளினிக்கில் போடத் துணிகிற ஊசியைக் காஷுவாலிட்டியில் போடப் பயப்படுவது எனக்குப் புரியவில்லை. ருமாட்டிக் இருதய நோய் இருக்கிற பிள்ளைகளுக்கு 21 நாளுக்கு ஒரு தடவை இதே ஊசியைத்தானே போடுகிறோம்.

இனி அலமாரிக்கு வருகிறேன். மடலின் தலைப்பே அதுதான்.

எங்கள் காஷுவாலிட்டியில், மருந்து அலமாரியின் மேல் தட்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி 'பி.இ.பி.' என்று எழுதியிருக்கும். ராத்திரி எங்களில் யாருக்காவது நோயாளிக்குப் போட்ட ஊசி குத்திவிட்டால், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க அதைத் திறப்போம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மொத்தம் 28 நாள். போன வருடம் ஒரு பயிற்சி மாணவிக்குக் குத்தியது. பதினைந்து நிமிடத்தில் முதல் மாத்திரை விழுங்கிவிட்டாள். எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் காலையில் போ என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. இருபத்திநாலு மணி நேரமும் அந்தப் பெட்டி அங்கே இருக்க வேண்டும் என்று உங்களைப் போன்ற ஒருவர்தான் ஒருநாள் கையெழுத்துப் போட்டார். பெட்டி வந்தது, இன்றும் இருக்கிறது. காலாவதித் தேதியை மாதாமாதம் பார்க்கிறோம், தீர்ந்தால் நிரப்புகிறோம். ஒரு கஷ்டமும் இல்லை.

நமக்கு நாமே செய்துகொண்டதை நோயாளிக்கும் செய்யுங்கள் என்கிறேன். அதே தட்டில் இன்னொரு பெட்டி.

பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருகிறவர்களுக்கு இந்த இரண்டு பெட்டியும் சேர்ந்தே வேண்டும். அங்கே நடப்பது என்ன? போலீஸ் வர வேண்டும், பெண் டாக்டர் வர வேண்டும், ஏ.ஆர். எழுத வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், சீல் வைக்க வேண்டும். எல்லாம் வேண்டியதுதான். அந்தக் களேபரத்தில் மாத்திரை மறந்துபோகிறது. சாட்சியம் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது, அவள் கிருமியோடு வீட்டுக்குப் போகிறாள். எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று 2013-லேயே சட்டத்தில் எழுதியாயிற்று, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 397-ஆம் பிரிவு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலும் பால்வினைத் தொற்றுத் தடுப்பு மருந்து, கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எல்லாவற்றையும் சொல்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பயத்திலேயே சில டாக்டர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தொடாமல் வேறு ஊருக்கு எழுதி அனுப்புகிறார்கள். சட்டம் தகவல் கொடுக்கச் சொல்கிறது, சரி. அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கும்படி எந்த வரியில் எழுதியிருக்கிறது?

'மருந்தை இப்படி வாரிக் கொடுத்தால் கிருமிக்கு எதிர்ப்பு வளராதா' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வேலை செய்யாத மருந்தை ஐந்து நாள் கொடுப்பதுதான் எதிர்ப்பை வளர்க்கிறது என்பது என் பதிலில் பாதி. மீதிப் பாதி: ஆரம்பிப்பதை நாங்கள் ஆரம்பிக்கிறோம், பரிசோதனையைக் காலையில் கிளினிக் பார்க்கட்டும். மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு ஸ்வாபும் கொஞ்சம் ரத்தமும் எடுத்து வைத்துவிட முடியும். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டையும் ஒரு சொட்டு ரத்தத்தில் இருபது நிமிடத்தில் காட்டுகிற அட்டை வந்துவிட்டது. பிரசவ அறையில் கர்ப்பகால அட்டை இல்லாமல் வருகிற கர்ப்பிணிக்கு அவசரத்தில் ரத்தம் பார்ப்பதில்லையா, அதே போலத்தான். ஆனால் சம்மதம் கேட்காமல் எச்.ஐ.வி. பார்க்கக் கூடாது. 2017-இல் வந்த எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, பலர் அதைப் படித்தே இருக்க மாட்டார்கள். கேஸ் ஷீட்டின் மூலையில் சிவப்பு மையில் எழுதி வட்டம் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஓ.பி. சீட்டில் நோயின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதாமல் 'கிட் 1 கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினால் போதும். அந்தச் சீட்டு டாக்டர் கையிலிருந்து மருந்து கவுன்ட்டருக்கும், அங்கிருந்து வீட்டுக்காரம்மா கைக்கும் போகிற சீட்டு.

கூட இருப்பவரை அழைத்து வரச் சொல்வதுதான் இதில் கஷ்டமான வேலை. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பத்து நாளில் திரும்பத் தொற்றிக்கொண்டு வருவார். அமெரிக்காவில் பல மாநிலங்களில் துணைக்கான மருந்தையும் நோயாளி கையிலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். இங்கே அதற்கு இன்னும் மனசும் விதியும் வரவில்லை, சரி, வரும்போது வரட்டும். இப்போதைக்குத் துணையைச் சிகிச்சைக்கு அழைக்கும் சுகவாழ்வு மையத்தின் துணைச் சீட்டு கட்டாகக் கிடக்கிறது, அதில் ஒரு கட்டு காஷுவாலிட்டி மேசையில் இருந்தால் போதும். 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணை அதன் பின்னால் எழுதிக் கொடுத்துவிடுவோம்.

இந்த மாநிலம் இதையெல்லாம் பேசக் கூசுகிற மாநிலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1986-இல் சென்னையில் நிர்மலா என்ற ஆராய்ச்சி மாணவி, டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சேகரித்துக்கொண்டு வேலூருக்கு ரயிலேறிப் போனதால்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. 1994-லேயே இங்கே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் வந்துவிட்டது. நான் நர்ஸிங் படித்தபோது சுவருக்குச் சுவர் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்டார்கள், டீக்கடையில் ஊரே அதைப் பேசியது. பேசிவிட்டோம். பேச்சைக் கேட்டு நம்பி வருகிறவன் ராத்திரி பதினோரு மணிக்கு வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டோம். நாம் விட்ட இடத்தை யார் பிடித்துக்கொண்டார்கள் என்று பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரைப் பார்த்தால் தெரியும். மாதாமாதம் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற வைத்தியருக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அவர் ரகசியம் காப்பார், மரியாதையாகப் பேசுவார், உட்காரவைத்து அரை மணி நேரம் கேட்பார். ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு லேகியம் கொடுப்பார். அவரிடம் இருக்கிற மூன்று நம்மிடம் இல்லை, நம்மிடம் இருக்கிற மருந்து அவரிடம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது: குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் மட்டும் நாளொன்றுக்கு உலகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக வருகின்றன. அதில் நம் பச்சைப் பெஞ்சுக்கு ஒரு ராத்திரியில் ஒருவரோ இருவரோ வருவார்கள். ஒரு பெட்டிக்கு மேல் தேவைப்படாது.

இன்டென்ட், அதாவது தேவையான பொருட்களைக் கேட்கும் தாள், எழுதி வைத்திருக்கிறேன். கிட் ஒன் இருபது, கிட் டூ பத்து, கிட் த்ரீ பத்து, நான்கும் ஐந்தும் ஆறும் ஐந்தைந்து, ஏழு இரண்டு. இரட்டைப் பரிசோதனை அட்டை ஒரு பெட்டி. ஆணுறை ஒரு பாக்கெட். துணைச் சீட்டு ஒரு கட்டு. கடைசிக் கட்டிலுக்குத் திரைச்சீலை, ஏழடி, கம்பி ஏற்கெனவே இருக்கிறது, வளையம் மட்டும் வேண்டும். மருந்தைச் சுகவாழ்வு மைய ஸ்டாக்கிலிருந்து மாற்றினால் புதிதாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மையத்து ஆலோசகரிடம் பேசிவிட்டேன், எத்தனை பை போனது என்று காலையில் நோட்டைப் பார்த்து அவர் கணக்கில் ஏற்றிக்கொள்வார். பெட்டியின் சாவி டூட்டி சிஸ்டரிடம் இருக்கும். தாளின் கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
காஷுவாலிட்டி நைட் டூட்டியில் இருக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்